பருவம் மாறாத மண்ணில் ஆண்டு விழா

ஓர் ஊரின் ஆண்டு விழா அவ்வூரார் காலத்தை அளக்கும் கோலாகும். “தேருக்கு முன்பு பிறந்த பிள்ளை”, “தீமிதி கழிந்து எட்டாம் நாள் நடந்த கலியாணம்” என்று பேசும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மிகுதி. அச்சிட்ட நாட்காட்டி வீட்டுச் சுவரில் ஏறுவதற்கு முன்பு விழாவே நாட்காட்டியாக நின்றது. அவ்விழாக்களுக்கு நாள் குறித்துக் கொடுத்தவை இரண்டு. ஒன்று வானம், மற்றொன்று வயல். கதிரவனும் திங்களும் விண்மீனும் நாளைச் சொல்லின. மழையும் விளைச்சலும் அந்நாளுக்குப் பொருளைத் தந்தன.

வானத்தை எவ்விடத்திலிருந்தும் காணலாம். வயலை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஆகவே, கடல் கடந்து குடியேறிய ஒரு கூட்டத்தார் தம் ஆண்டு விழாக்களை எவ்வாறு நிலைநிறுத்தினர், எந்த நாளைக் காத்தனர், எந்த நாளை மாற்றினர் என்று ஆராய்வது, விழா என்பதன் வேர் எங்கே இருக்கிறது என்பதை அறிய உதவும். இவ்வாராய்ச்சிக்குத் தக்க இடங்களுள் ஒன்று மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள காஹாங்.

காஹாங், குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். குளுவாங் நகரிலிருந்து கிழக்கே மெர்சிங் கடற்கரையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்திருக்கிறது. எண்டாவ் ரோம்பின் தேசியப் பூங்காவின் பேத்தா நுழைவாயிலுக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்தே காட்டுக்குள் புகுவர். சுற்றிலும் ரப்பரும் செம்பனையுமாகத் தோட்டங்கள். ஜொகூரின் தோட்டப்புறம் எங்கும் போலவே இவ்வட்டாரத்துத் தமிழர் வாழ்வும் மரம் சீவுதலோடும், லயன் வீடுகளோடும், தோட்டத்துக் கோயிலோடும் பின்னிக் கிடந்தது.

பெரும்பொழுது இல்லாத நாடு

பண்டைத் தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இப்பகுப்பில் பெரும்பொழுது ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. தொழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விழாவும் உண்டு. ஆடியில் ஆற்றில் புதுப்புனல் வரும், உழவன் விதைப்பான், பதினெட்டாம் பெருக்கு வரும். மார்கழிப் பனியில் கதிர் முற்றும், தையில் அறுவடை நடக்கும், பொங்கல் வரும்.

காஹாங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் உள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அங்கே வேறுபாடு கால் மணி நேரம் அளவே. 13 பாகையிலுள்ள சென்னையில் அவ்வேறுபாடு ஒன்றரை மணி நேரம். கதிரவன் வடக்கே திரும்பும் உத்தராயணத்தைச் சென்னையில் இருப்பவன் பகல் நீள்வதைக் கொண்டு உணரக்கூடும். காஹாங்கில் இருப்பவனுக்குப் பஞ்சாங்கம் சொன்னாலன்றித் தெரியாது. பனியும் இல்லை, வேனிலும் இல்லை. ஆண்டு முழுதும் ஒரே வெப்பம், ஒரே பச்சை. காலத்தை வேறுபடுத்திக் காட்டுவது மழை ஒன்றே.

அம்மழையும் தமிழ்நாட்டுக் கணக்குப்படி பெய்வதில்லை. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்து, தை பிறக்கும்போது வானம் வெளுத்திருக்கும். நெல்லை அறுத்துக் களத்தில் காயவைக்க ஏற்ற நேரம் அது. ஜொகூரின் கிழக்குப் பகுதியிலோ அதே வடகிழக்குக் காற்று நவம்பரில் தொடங்கி ஜனவரி கடந்தும் நின்று பெய்யும். மெர்சிங் துறையிலிருந்து தீவுகளுக்குச் செல்லும் படகுகள் அம்மாதங்களில் பெரும்பாலும் ஓடுவதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த பெருவெள்ளம் இப்பருவத்தில் வந்ததே. தமிழ்நாட்டில் கதிரவனுக்கு நன்றி சொல்லிப் பொங்கல் வைக்கும் நாளில், காஹாங்கில் கதிரவன் முகம் காட்டாமலே போகக்கூடும். முற்றத்தில் மூட்ட வேண்டிய அடுப்பைத் திண்ணைக்கு ஏற்ற வேண்டிய நாள் அது. ஆடியில் பெருக வேண்டிய ஆறு ஆடியில் பெருகாது. மார்கழியில் கரையை உடைக்கும்.

ஆயினும் பொங்கல் வைக்கப்பட்டது. வயலும் அறுவடையும் அற்ற லயன் வீட்டு வாசலில், கடையில் வாங்கிய அரிசியைக் கொண்டு, தை முதல் நாளில் பால் பொங்கிற்று. பொருள் தந்த வயல் நழுவிப் போன பின்பும் நாள் நழுவவில்லை. இது வியப்புக்குரிய செய்தியாகும்.

நாள் காட்டும் வானம்

நாள் நழுவாமைக்குக் காரணம் பஞ்சாங்கக் கணக்கு. தமிழ் ஆண்டு கதிரவன் வழிப்பட்டது. கதிரவன் மகர இராசியில் புகும் நாள் தை முதல் நாள். உண்மையான உத்தராயணத் திருப்பமோ டிசம்பர் 21 அல்லது 22இல் நிகழ்வது. விண்மீனை வைத்து அளக்கும் ஆண்டு, பருவத்தை வைத்து அளக்கும் ஆண்டைவிட 20 நிமிடம் நீண்டது. ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாளாக அவ்வேற்றுமை சேர்ந்து சேர்ந்து இன்று மூன்று வாரத்திற்கு மேல் விலகி நிற்கிறது. ஆகவே தாய்நாட்டிலேயே பொங்கல் நாள் பருவத்தினின்று மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு தலைமுறையில் தெரியாத நகர்ச்சி அது.

தைப்பூசம் முதலியன வேறு வகை. அவற்றிற்குக் கதிரவன் மாதத்தைக் கொடுக்க, திங்களும் விண்மீனும் நாளைக் கொடுக்கின்றன. அதனால்தான் தைப்பூசம் 2024இல் ஜனவரி 25ஆம் நாளிலும், 2025இல் பிப்ரவரி 11ஆம் நாளிலும் வந்தது. ஜொகூரில் தைப்பூசம் மாநிலப் பொது விடுமுறை நாள். ஆண்டுதோறும் இடம் மாறும் ஒரு திருநாளை ஓர் அரசின் விடுமுறைப் பட்டியலில் சேர்ப்பதற்குப் பஞ்சாங்கம் கணிப்போரின் துணை தேவைப்படுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. காஹாங் சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 23 பாகை தள்ளி உள்ளது. எனவே சென்னையில் விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே அங்கே விடிந்துவிடும். பருவத்திற்கேற்ப இது சற்றுக் கூடும், குறையும். ஒரு நாளின் திதியைச் சூரியன் உதிக்கும் நேரத்தைக் கொண்டு முடிவு செய்வது மரபு. சென்னையில் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு திதி முடிகிறது என வைத்துக்கொள்வோம். சென்னையில் அன்று அடுத்த திதி. காஹாங்கில் விடியும்போதோ முந்தைய திதி இன்னும் முடியவில்லை; ஆகவே அங்கே அந்த நாளுக்கு உரியது முந்தைய திதியே. சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தை அப்படியே பின்பற்றினால் சில ஆண்டுகளில் ஒரு நாள் பிழைபடும். மலேசியாவில் உள்நாட்டு நேரத்துக்கு ஏற்பக் கணித்த நாட்காட்டிகள் வெளிவருவதற்கு இதுவே காரணம். வானத்தை எங்கிருந்தும் காணலாம் என்பது உண்மை. ஆனால் நிற்கும் இடத்திற்கு ஏற்ப அதைத் திருப்பிக் கணித்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து ஆண்டு

பொங்கலும் தீபாவளியும் தைப்பூசமும் எல்லார்க்கும் பொதுவானவை. ஒரு தோட்டத்துக்கு மட்டும் உரியது அத்தோட்டக் கோயிலின் ஆண்டுத் திருவிழா. பெரும்பாலும் மாரியம்மனுக்கும், சில இடங்களில் காளியம்மனுக்கும், முருகனுக்கும், முனியாண்டிக்கும் அவ்விழா எடுக்கப்பட்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, கங்காணிகள் வழியாக ஊர் ஊராகத் தமிழர் ஆள் சேர்க்கப்பட்டு மலாயா வந்தனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடை செய்யும்வரை இவ்வரவு நீடித்தது. ஒரே தோட்டத்தில் பல மாவட்டத்தாரும் பல சாதியாரும் வந்து சேர்ந்தனர். ஒவ்வொருவர் ஊரிலும் அம்மனுக்கு ஒவ்வொரு மாதம் விழா. யாருடைய ஊர் வழக்கத்தைத் தோட்டம் மேற்கொள்வது?

இவ்வினாவுக்கு விடை தந்தது தொழில். ரப்பர் மரத்தை விடியற்காலையில் சீவ வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிதல் குறைந்துபோகும். மழை பெய்தால் பட்டை நனைந்து சீவ இயலாது. ஆண்டின் முதல் மாதங்களில் மரம் இலை உதிர்க்கும்; அப்போது பால் வரத்து குன்றும். வேலை குறைந்தால் கூலியும் குறையும். விழாவுக்கு வேண்டியதோ ஓய்வும் பணமும் இரண்டும். ஆகவே மழை ஓய்ந்திருக்க வேண்டும். சம்பளம் போட்டிருக்க வேண்டும். துரை ஒரு நாள் வேலை நிறுத்த ஒப்ப வேண்டும். பக்கத்துத் தோட்டத்து விழாவோடு மோதாதிருக்க வேண்டும். இத்தனையும் பொருந்திய ஒரு நாளைக் கோயில் குழு தேடிற்று. பஞ்சாங்கம் அதற்குள் ஒரு நல்ல நாளைச் சொல்லிற்று. பொது விழாக்களில் வானம் முதலாவதாகவும் தொழில் இரண்டாவதாகவும் நின்றன; தோட்டத்து விழாவில் தொழில் முதலாவதாகவும் வானம் இரண்டாவதாகவும் நின்றன.

செலவுக்கு வழியும் தொழிலோடு ஒட்டியதே. பல தோட்டங்களில் கோயிலுக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகை சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. நிர்வாகமும் நன்கொடை தந்தது. தொழிலாளர் தோட்டத்தை விட்டு ஓடிப்போகாமல் இருப்பதற்குக் கோயில் உதவும் என்று நிர்வாகத்தார் கருதியதை அக்காலத்துத் தோட்ட வரலாற்றை எழுதியோர் எடுத்துக்காட்டுவர். வேலை வாங்குவோன் கருதிய பயன் அது. வேலை செய்தோன் கண்ட பயன் வேறு. ஆண்டு முழுவதும் மண்டோரின் குரலுக்கு எழுந்து, பெரட்டில் நின்று பேர் கொடுத்து, நிரை பிடித்து வேலை செய்தவன், காப்புக் கட்டிய நாள் முதல் மஞ்சள் நீராட்டு வரை அம்மனுக்கு மட்டுமே ஆள் ஆனான். கரகம் எடுத்தான், காவடி சுமந்தான், தீக்குழியில் இறங்கினான். இரவில் நாடக மேடையில் இராசா வேடமும் கட்டினான். நாட்கூலியாக எண்ணப்பட்டவன் பெயரோடும் மாலையோடும் நின்ற நாட்கள் அவை.

பருவம் மாறாத அம்மண்ணில் ஆண்டை இரண்டாகப் பிரித்துக் காட்டியது இவ்விழாவே. திருவிழாவுக்கு முன்பு, திருவிழாவுக்குப் பின்பு என்பதே தோட்டத்தின் பெரும்பொழுது. தாய்நாட்டில் பருவம் விழாவைப் பிறப்பித்தது. இங்கே விழா பருவத்தைப் பிறப்பித்தது.

திங்களுக்கு ஓர் ஊர்

தோட்டத்துக் கோயில்கள் தம் நாளைத் தாமே குறித்துக்கொள்ள, நாடு முழுவதற்கும் பொதுவான பெருவிழாக்கள் திங்களுக்கு ஓர் ஊராகப் பரவி நின்றன. தையில் பத்துமலையும் பினாங்கும். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. 272 படிகளை ஏறிக் குகைக் கோயிலை அடைகின்றனர். பினாங்கில் நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்வித்த வெள்ளி இரதம் தண்ணீர்மலையை நோக்கிச் செல்கிறது. மாசியில் மலாக்காவின் செங் சன்னாசிமலைக் கோயிலில் மாசி மகம். பங்குனியில் பகாங்கின் மாரான் மரத்தாண்டவர் கோயிலில் உத்திரம். அங்கே சாலை போடுவதற்காக வெட்ட முற்பட்ட மரத்தில் முருகன் உறைவதைக் கண்டனர் என்பது தலக்கதை. சித்திரையில் பேராக்கின் தெலுக் இந்தானில் சித்திரா பௌர்ணமி. ஜூலை 26ஆம் நாளை ஒட்டிப் புக்கிட் மெர்தாஜாமின் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் பெருந்திரளாகச் செல்வர்.

எல்லாப் பெருவிழாவும் ஒரே நாளில் அமைந்திருந்தால் ஓர் ஊரார் மற்றோர் ஊரைக் கண்டிருக்கமாட்டார். திங்கள் தோறும் ஓர் ஊர் என அமைந்தமையால் பினாங்கில் உள்ளவர் மலாக்காவுக்கும், ஜொகூரில் உள்ளவர் மாரானுக்கும் செல்ல வழி பிறந்தது. கிழக்கு ஜொகூரிலிருந்து பேருந்து அமர்த்திக்கொண்டு பங்குனி உத்திரத்துக்குச் செல்வது ஒரு யாத்திரை மட்டுமன்று. பெண் பார்ப்பதும், உறவு புதுக்குவதும், பிரிந்தோர் கூடுவதும் அதனுள் அடங்கும். தென்னிந்தியாவில் பல ஊர்களுக்குச் சந்தை நாட்கள் மாறி மாறி அமைந்திருப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

மொழி போய் விழா நின்ற கதை

மலேசியத் தமிழ் விழாக்களை ஆராய்வோர் தவறவிடக்கூடாத ஒரு கூட்டத்தார் மலாக்காச் செட்டிகள். மலாக்காச் சுல்தான்கள் காலத்து வணிகத் தொடர்பிலிருந்து தோன்றியவர்கள் இவர்கள். 1781இல் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் இவர்களுடையது. இவர்களது வீட்டுமொழி தலைமுறைகளுக்கு முன்பே மலாய் ஆகிவிட்டது. உடையும் உணவும் பெரும்பாலும் மலாய்ப் பாங்கு. ஆயினும் பொங்கலுக்கு முந்திய போகியன்று வாழையிலை விரித்து முன்னோர்க்குப் படைக்கும் வழக்கம் அழியவில்லை. அப்படையலை ‘பார்ச்சு’ என்கின்றனர். தமிழ்ப் பேச்சு நாவைவிட்டுப் போன பின்பும் பொங்கல் என்ற சொல் அவர்கள் நாவில் நிற்கிறது.

அதைவிடக் கருதத்தக்கது மற்றொன்று. இவர்கள் ஆண்டில் இரண்டாம் முறையும் முன்னோர்க்குப் படைப்பர். அது பழங்கள் பழுக்கும் ஆண்டின் நடுப்பகுதியில் வரும். அதன் பெயரும் பழங்களைக் குறித்ததே. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் இந்நாளுக்கு இடமில்லை. டுரியானும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் காய்த்துக் குலுங்கும் மலாய் நாட்டுப் பருவம் தந்த நாள் அது. பழைய நாட்டின் நாளையும் விடாமல், புதிய நாட்டின் பருவத்தையும் ஏற்றுக்கொண்ட அறிவு இது. வயலை இழந்த விழாவுக்கு ஒரு பழத்தோட்டத்தைத் தேடிக் கொடுத்துவிட்டனர் எனலாம்.

ஐரோப்பிய நகரங்கள் காட்டும் சான்று

நாளை நகர்த்துவதும் நாளுக்குப் புதுப்பொருள் காண்பதும் தமிழர்க்கு மட்டும் உரியன அல்ல. சுவிட்சர்லாந்தின் சூரிச்சு நகரில் ஏப்ரலில் நடக்கும் ஆண்டு விழாவின் பெயருக்கு ‘ஆறு மணி ஒலித்தல்’ என்பது பொருள். வேனிற்காலம் பிறந்ததும் பெரிய கோயிலின் மணி மாலை ஆறுக்கு ஒலித்து வேலை முடிந்ததை அறிவித்த பழைய ஏற்பாட்டினின்று பிறந்தது அது. தொழிற்குழுவினர் வரிசையாக அணிவகுத்து வந்து, குளிர்காலத்தைக் குறிக்கும் ஒரு பொம்மையைத் தீயிலிட்டு எரிப்பர். ஒரு காலத்தில் வேலை நேரத்தை வரையறுத்த மணி, அந்த வேலை முறை மறைந்த பின்பு நகரத்தின் திருநாள் ஆயிற்று. செருமனியின் மியூனிக் நகரில் 1810 அக்டோபரில் இளவரசர் திருமணத்தை ஒட்டித் தொடங்கிய பெருவிழா, பிற்காலத்தில் நல்ல வானிலையை நாடிச் செப்டம்பருக்கு முன்தள்ளப்பட்டது. பெயர் மட்டும் அக்டோபர் விழாவாகவே நின்றுவிட்டது.

அதே செருமனியில் ஹாம் நகரில் ஈழத் தமிழர் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 1980களில் போரினால் இடம்பெயர்ந்து வந்தோர் முதலில் ஒரு வீட்டின் நிலவறையில் அம்பாளை வைத்து வழிபட்டனர். 2002இல் கோபுரத்துடன் கூடிய பெருங்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அங்குள்ள பகல் கோடையில் 16 மணி நேரத்துக்கு மேலும், குளிர்காலத்தில் 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். வெறுங்காலோடு தேர் இழுப்பதும், அங்கப்பிரதட்சணம் செய்வதும், வாய்க்காலில் தீர்த்தமாடுவதும் உறைபனியில் நடவா. ஆகவே ஆண்டுப் பெருவிழா கோடைத் தொடக்கத்தில் அமைந்தது. தேர் நாளன்று அண்டை நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். பாரிசு நகரில் 1985இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேரும் கோடை முடிவில், ஊரார்க்கு ஓய்வுள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீதி உலா வருகிறது.

பருவமே மாறாத காஹாங்கிலும், பருவம் கடுமையாக மாறும் ஹாமிலும் நடந்தது ஒன்றே. எந்நாளில் மக்கள் கூட முடியுமோ அந்நாள் விழா நாள் ஆயிற்று.

சமயம் கடந்த ஒரு திருநாள்

கூடுவதற்காகவே ஒரு நாளை வகுத்த முயற்சியும் மலாயாவில் நடந்தது. சிங்கப்பூர்த் ‘தமிழ் முரசு’ நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் பொங்கலை ஒட்டித் ‘தமிழர் திருநாள்’ என்ற விழாவைத் தொடங்கி வைத்தார். சாதியாலும் சமயத்தாலும் ஊராலும் பிரிந்து நின்ற தமிழர் ஒரே மேடையில் அமர வேண்டும் என்பது அதன் நோக்கம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, விளையாட்டு, இசை, நாடகம் என அவ்விழா சிங்கப்பூரிலும் மலாயாவின் நகரங்களிலும் தோட்டங்களிலும் பரவிற்று. தோட்டத்துப் பிள்ளை மேடையேறித் தமிழில் பேசிப் பரிசு பெற்ற காலம் அது. இன்று மலேசியாவில் எழுதுவோர், கற்பிப்போர், பேசுவோர் பலருக்கு முதல் மேடை அமைந்தது இத்தகைய விழாக்களிலும், அவற்றைத் தொடர்ந்து எழுந்த மணிமன்றங்களிலும்தான்.

அறுவடையற்ற மண்ணில் பொங்கல் எதற்கு என்ற வினாவுக்கு அத்திருநாள் ஒரு விடை தந்தது. நெல் விளையாத இடத்தில் மொழி விளைந்தது.

இன்றைய நிலை

1960களிலிருந்து ரப்பர் மரங்களை அகற்றிச் செம்பனை நடுவது பெருகிற்று. செம்பனைக்கு ஒரு ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் ரப்பருக்கு வேண்டியோரைவிடக் குறைவு. தோட்டங்கள் துண்டு போடப்பட்டும் கைமாறியும் போயின. படித்த பிள்ளைகள் குளுவாங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர், கோலாலம்பூர் எனப் பிரிந்து சென்றனர். தோட்ட வேலைக்கு வெளிநாட்டார் வந்தனர். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நிறைந்திருந்த லயன்களில் ஆள் அருகிய தோட்டங்கள் மலேசியாவெங்கும் பல. ஆனால் கோயில் அங்கேயே நிற்கிறது. விழாவும் ஆண்டுக்கு ஒருமுறை நடந்தாக வேண்டும்.

இப்போது நாள் குறிப்பவை வேறு. மழையன்று, சம்பள நாளன்று, விடுமுறைப் பட்டியல். அப்பட்டியலும் நிலையாக இல்லை. 2014 தொடக்கத்தில் ஜொகூரின் வார ஓய்வு வெள்ளி, சனி என மாற்றப்பட்டது. 2025 தொடக்கத்தில் மீண்டும் சனி, ஞாயிறு ஆயிற்று. இடைப்பட்ட 11 ஆண்டுகள் ஜொகூரில் அரசு வேலையிலும் பள்ளியிலும் இருந்தோர்க்கும், சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை செய்வோர்க்கும் பொதுவாகக் கிடைத்த ஓய்வு நாள் சனி ஒன்றே. மூன்று நாள் விழாவை ஒரு நாளுக்குள் அடக்க நேர்ந்தால் எதைக் குறைப்பது? நாடகத்தையா, மஞ்சள் நீராட்டையா? பள்ளிக் கல்வியாண்டும் அவ்வாறே. 2022இல் அது மார்ச்சுக்குத் தள்ளிப்போய், 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்தது. நீண்ட விடுமுறையும் இடம் பெயர்ந்தது. அவ்விடுமுறையை நம்பி விழாவை வைத்திருந்த கோயில்கள் திங்களின் போக்கை அறிவதைவிட அமைச்சின் அறிவிப்பை அறிவதில் கருத்தைச் செலுத்த வேண்டியதாயிற்று.

இதில் ஒரு இழப்பும் மறைந்திருக்கிறது. சாலையும் வண்டியும் பெருகப் பெருகப் பத்துமலை போன்ற பெருவிழாக்கள் வளர்கின்றன. தோட்டத்துச் சிறுவிழாக்கள் தேய்கின்றன. பெருவிழாவில் ஒருவன் இலட்சக்கணக்கானோருள் ஒருவன். தோட்டத்து விழாவிலோ அவன் இன்னாரின் பேரன், இத்தனையாம் லயத்தில் இருந்தவர் மகன் என்று அடையாளம் காணப்படுகிறான். அவனை அறிந்து பெயர் சொல்லி அழைக்கும் இடம் ஆண்டுக்கு ஒருநாள் அது ஒன்றே. தோட்ட நிலம் விற்கப்படும்போது பட்டா இல்லாத கோயில் என்ன ஆகும் என்ற அச்சமும் உடன் நிற்கிறது. நிலமும் போய் விழாவும் நின்றால், அத்தோட்டத்தில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்ததற்கு அடையாளம் வேறு எங்கே கிடைக்கும்?

அதற்குச் சான்றாக நிற்கக்கூடியது ஒன்று உண்டு. அதை எவரும் சான்று எனக் கருதுவதில்லை. ஆண்டுதோறும் அச்சிட்டு வழங்கும் விழா அழைப்பிதழே அது. முதல் நாள் உபயம் யார், இரண்டாம் நாள் உபயம் எந்தப் பிரிவார், அன்னதானம் எவர் பொறுப்பு, நாடகம் நடத்தியோர் யாவர், கோயில் தலைவரும் பொருளாளரும் யாவர் என்று அத்தனையும் அதில் அச்சாகியிருக்கும். கல்வெட்டு வெட்டும் வசதியற்ற மக்களின் கல்வெட்டு அது. 40 ஆண்டு அழைப்பிதழ்களை வரிசையாக அடுக்கினால், ஒரு தோட்டத்தில் யார் வாழ்ந்தனர், எப்போது பிரிவுகள் மறைந்தன, எந்த ஆண்டு முதல் உபயக்காரர் முகவரி தோட்டத்தை விட்டு நகரத்துக்கு மாறிற்று என்பதெல்லாம் புலனாகும். விழா முடிந்ததும் குப்பையில் சேரும் அத்தாளைத் திரட்டிக் காப்பது கோயில் குழுக்களுக்கும், தமிழ்ப்பள்ளிகளுக்கும், இளைஞர் மன்றங்களுக்கும் பெருஞ்செலவு வைக்காத பணி.

வயலை விட்டு வந்தவர்கள் நாளைக் காத்தனர். நாளைக் காக்க இயலாதபோது கூடுதலைக் காத்தனர். நாள் மாறலாம், மாதமும் மாறலாம் என்பதைக் காஹாங் போன்ற தோட்டப்புறங்களும், மலாக்காவும், ஹாமும் ஒருங்கே காட்டுகின்றன. வரவேண்டியவர் வருவாரா என்பது ஒன்றே விழாவின் உயிர்நிலை. வருவோர் குறைந்துவரும் காலத்தில், வந்தோரின் பெயரையேனும் எழுதி வைப்பது இருப்போர் கடன்.